தகட்டுக்குப் பின்னால் இரண்டு துளை

அந்தத் தகட்டைக் கழற்றியபோது கொட்டகையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்கு மூத்தவரான பெரியவர். அவர் மனைவி. அவருடைய தம்பி, அச்சகம் வைத்திருப்பவர். தம்பியின் மகள், பேருந்துப் பணிமனையில் வேலை பார்ப்பவள், வீட்டில் எல்லாரும் அவளை ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐந்தாவது ஆள் வெல்டர். வேறு ஒரு ஈ காக்கை கிடையாது. ‘நானும் பக்கத்தில்தான் நின்றேன்’ என்று பிற்பாடு சொன்னவர்களை எல்லாம் கூட்டினால் அந்தக் கொட்டகையில் கால் வைக்க இடம் இருந்திருக்காது. அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவைப்பது.

கொட்டகை வீட்டின் பக்கவாட்டில், சுவரோடு ஒட்டி இறக்கியது. அதன் நடுவில், சக்கரம் கழற்றிய ஜீப் ஒன்று மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. பெரியவரின் அப்பா ராணுவத்தில் ஓட்டிய ஜீப். அதே மாதிரி ஒன்று அல்ல, அதே வண்டி. அது எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

அப்பாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தன் கையால் முறுக்கிய போல்ட்டின் தலையில், முறுக்கி முடித்ததும், பஞ்ச்சை வைத்துச் சுத்தியலால் தட்டி இரண்டு புள்ளி போடுவார். பக்கத்தில் பக்கத்தில், பாம்புக் கடி மாதிரி. மற்ற டிரைவர்கள் அடையாளத்துக்குப் பெயின்ட்டில் கோடு இழுப்பார்கள். பெயின்ட் அழியும், புள்ளி அழியாது என்பது அவர் கட்சி. “ஒரு புள்ளி போல்ட்டுக்கு, ஒரு புள்ளி எனக்கு” என்பார். வீட்டுக் கேட்டின் கீல், இரும்புக் கட்டில், தண்ணீர் மோட்டார், தையல் மெஷினின் கால் என்று அவர் தொடாத இரும்பு அந்த வீட்டில் இல்லை. அவர் போய்ப் பல வருடம் ஆகியும், எந்த நட்டைத் திருகப் போனாலும் அவர் விரல் முன்னாலேயே வந்து அங்கே காத்துக்கொண்டிருக்கும்.

அந்த இரட்டைப் புள்ளியைத்தான் ஸ்பேனர் ஒரு மரக்கடையின் பின்கட்டில் கண்டாள். மரத்தடிகளை இழுத்து இழுத்துக் கூன் விழுந்து, நீலப் பெயின்ட் பூசிக் கிடந்த ஒரு பழைய ஜீப்பின் அச்சில். மண்டியிட்டு, துப்பட்டா முனையால் அழுக்கைத் துடைத்து, அடுத்த போல்ட்டைப் பார்த்தாள். அதற்கடுத்ததைப் பார்த்தாள். பிறகு பெரியப்பாவுக்குப் போன் பண்ணி, “தாத்தா இங்க இருக்காரு பெரியப்பா” என்றாள்.

வண்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் நினைவுத் தூண் இருக்கிறது. ஆண்டுதோறும் முன்னாள் படைவீரர்கள் அங்கே கூடுவார்கள். இந்த முறை அந்த ஜீப்பையும் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், பெரியவர் வழக்கம்போல மேடையேறி அப்பாவின் கதையைச் சொல்ல வேண்டும் என்று சங்கத்திலிருந்து வீடு தேடி வந்து கேட்டுக்கொண்டார்கள். தம்பி அன்றைக்கே வண்டியின் முன்மூடியில் ஒட்டுவதற்காகப் பெரிய எழுத்தில் அச்சடித்துவிட்டார்: ‘போ டிரைவர் போ’.

கதை இதுதான். சண்டையில் ஒரு பகல் பொழுது, அப்பா ஜீப்பில் கேப்டனையும், தொலைபேசிக் கம்பி இழுக்கும் இரண்டு வீரர்களையும் ஏற்றிக்கொண்டு ஓர் ஆற்றுத் துறைக்குப் போனார். கம்பிக்காரர்கள் இருவரும் உருளையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் ஓரம் இறங்கினார்கள். எதிர்க்கரையிலிருந்து சூடு விழுந்தது. முதல் சூட்டிலேயே கம்பிக்காரர்கள் இருவரும் போய்விட்டார்கள். கேப்டனுக்கு வயிற்றில் பட்டது. அப்பா அவரைத் தூக்கிப் பின்னிருக்கையில் கிடத்திவிட்டு வண்டியை எடுத்தார். பின்னாலிருந்து கேப்டன், “போ டிரைவர் போ” என்றார். முகாமுக்கு வந்து சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை. வண்டியையும் அதிகாரியின் உடலையும் எதிரி கையில் விடாமல் கொண்டுவந்ததற்காக அப்பாவுக்குப் பதக்கம் கொடுத்தார்கள்.

அந்த மூன்று சொல் அந்தக் குடும்பத்தின் சொத்து. பிள்ளைகள் பரீட்சைக்குக் கிளம்பினால் அதைச் சொல்லித்தான் அனுப்புவார்கள். பெண்ணை மறுவீட்டுக்கு ஏற்றி அனுப்பும்போதும் அதுதான். பெரியவரின் மனைவிக்குப் பிரசவ வலி கண்டபோது வாடகைக் காரின் கூரையைத் தட்டி மாமனார் அதைத்தான் சொன்னார். ‘என் பேரு டிரைவர் இல்லீங்க’ என்று அந்தக் கார்க்காரர் கோபித்துக்கொண்டதாக அந்த அம்மாள் இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

தகடு விஷயத்துக்கு வருவோம். எஞ்சினுக்கும் முன்னிருக்கைகளுக்கும் நடுவே ஒரு தகரச் சுவர் நிற்கும். டிரைவர் கால் வைக்கும் இடத்துக்கு அருகே, அந்தச் சுவரின் மேல் உள்ளங்கை இரண்டை விரித்தாற்போல ஓர் இரும்புத் தகடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தது. எல்லாப் போல்ட்டிலும் இரட்டைப் புள்ளி. தகட்டின் ஓரத்திலிருந்து துரு வழிந்து இறங்கியிருந்தது.

“அப்பா மூடினதை நாம திறக்கணுமா?” என்றார் தம்பி.

“உள்ள துரு தின்னுக்கிட்டு இருக்குப்பா. அதுக்கு மேல பெயின்ட் அடிக்கிறது சொத்தப் பல்லுக்குத் தங்கம் பூசுற கதை” என்றாள் ஸ்பேனர்.

“அவரு காரணமில்லாம ஒண்ணும் மூட மாட்டாரு.”

“காரணத்தையும் பாத்துடுவோம்.”

தம்பி அண்ணனைப் பார்த்தார். பெரியவர் கழற்றி வைத்திருந்த முன்னிருக்கையில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு கண்ணை மூடி நேர்கோடு பிடித்தே வாழ்ந்த மனிதர். கோணலை அவர் கண் தாங்காது, வேலியானாலும் சரி, பேச்சானாலும் சரி. “திறம்மா” என்றார்.

போல்ட்டுகள் லேசில் மசியவில்லை. வெல்டர் ஒவ்வொன்றாகச் சூடு காட்டினார். தகடு ஈரமான சத்தத்தோடு பிரிந்து வந்தது. பின்னால் இரண்டு துளைகள். சுண்டுவிரல் போகும் அளவு.

“குண்டு போன ஓட்டை” என்றார் வெல்டர், குரலைத் தாழ்த்தி.

தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தீங்களா அண்ணே. கால ஒட்டிப் போயிருக்கு. ஒரு சாண் தள்ளியிருந்தா நீங்களும் இல்ல, நானும் இல்ல. இத அடைக்கக் கூடாது. சுத்திச் சிவப்பா ஒரு வட்டம் போட்டுவைப்போம், மேடைக்கு வர்றவங்க பாக்கட்டும்.”

ஸ்பேனர் ஒரு துளைக்குள் விரல் விட்டாள். எடுத்தாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய், எஞ்சின் மேல் கவிழ்ந்து, அந்தப் பக்கத்திலிருந்து விரலால் தடவினாள். விரலில் கீறல் விழுந்து ரத்தம் துளிர்த்தது. அதை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“என்ன?” என்றாள் பெரியம்மா.

“அப்பா, சிவப்பு வட்டமெல்லாம் இருக்கட்டும்” என்றாள் ஸ்பேனர். “விளிம்பு உள்பக்கம் மடங்கலை. எஞ்சின் பக்கமா மடங்கியிருக்கு.”

“அதனால?”

“காகிதத்துல பென்சிலால குத்துங்க. பென்சில் வெளிய வர்ற பக்கந்தான் கிழிஞ்சு நிக்கும். குண்டு வெளியிலேர்ந்து உள்ள வரல. உள்ளேர்ந்து வெளிய போயிருக்கு.” பிறகு இன்னொன்றையும் சொன்னாள். “எஞ்சின் பக்கவாட்டுல ஒரு பள்ளம் இருந்துச்சே, வார்ப்புக் கோளாறுன்னு தேச்சோமே. அது இந்த ஓட்டைக்கு நேரா இருக்கு.”

வெல்டிங் குச்சி இரண்டை எடுத்துத் துளைக்கு ஒன்றாக, விளிம்பின் சாய்வுக்கு இணங்க நுழைத்தாள். குச்சிகள் அசையாமல் நின்றன. பெரியவர் எழுந்து வந்தார். குந்தி, ஒரு கண்ணை மூடினார். குச்சிகள் காட்டிய கோட்டைப் பிடித்துக்கொண்டு அவர் பார்வை பின்னால் போனது. டிரைவர் இருக்கை இருந்த இடத்தின் ஓரத்தை உரசிக்கொண்டு இரண்டு கோடும் பின்னிருக்கையில் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தன. அங்கே ஒருவர் சாய்ந்து கிடந்தால் அவருடைய வலது கை எங்கே இருக்குமோ, அங்கே.

பின்னிருக்கை காலியாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஐந்து பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற விதம், யாரோ உட்கார்ந்திருக்கும்போது பார்ப்பது போலவே இருந்தது.

முதலில் வாயைத் திறந்தவர் வெல்டர். “குலுங்கினதுல துப்பாக்கி தானா வெடிச்சிருக்கும் ஐயா.”

“ரெண்டு தடவையா?” என்றார் பெரியவர்.

“வண்டிய அப்புறம் யார் யாரோ ஓட்டியிருப்பாங்க. எவனோ சுட்டுப் பழகியிருப்பான்” என்றார் தம்பி.

“தகட்டு மேல யார் புள்ளி?”

பெரியவர் தொடர்ந்தார். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. “பின்னால கெடந்தவரு, முன்னால ஓட்டுறவரு கால் பக்கமா சுட்டிருக்காரு. கொல்லணும்னா முதுகு கண்ணுக்கு நேரா இருக்கு. கொல்ல இல்ல. நிறுத்த.”

பெரியவரின் மனைவி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். “மாமா பின்னால யாரையும் நிக்க விட மாட்டாரு” என்றாள் மெதுவாக.

அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ராணுவப் பழக்கம் என்று நினைத்திருந்தார்கள். அவர் பேருந்தில் ஏறினால் கடைசி வரிசையில்தான் உட்காருவார்; அங்கே இடம் இல்லையென்றால் அடுத்த வண்டிக்கு நிற்பார். சாப்பாட்டுக்குச் சுவரில் முதுகைக் கொடுத்துத்தான் அமருவார். முடி வெட்டும்போது பின்னந்தலைக்கு வந்ததும் நாற்காலியைத் திருப்பி, எதிரே கண்ணாடி பிடிக்கச் சொல்லி, கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ‘டிரைவர் ஐயா தலையை வெட்டணும்னா ரெண்டு ஆள் வேணும்’ என்று கடைக்காரர் கிண்டல் பண்ணுவார். மருமகளாக வந்த புதிதில் ஒருநாள் இந்த அம்மாள் பின்பக்கமாக வந்து டீ நீட்டியபோது, அந்த மனிதர் திரும்பிய வேகத்தில் டம்ளர் சுவரில் போய் மோதியது. அவர் முகத்தில் கோபம் இல்லை. அதனால்தான் அவளுக்கு அது இத்தனை வருடம் மறக்கவில்லை.

அன்று வேலை அத்தோடு நின்றது.

அடுத்த சில நாட்கள் வீடு வீடாக இல்லை. பேச்சு குறைந்தது. ஒருவர் பின்னால் ஒருவர் வரும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார்கள். ஸ்பேனர் வண்டியின் கீழே படுத்து வேலை செய்துகொண்டிருக்கையில், மேலே பின்னிருக்கையின் ஸ்பிரிங் நெளிந்ததைக் கேட்டேன் என்றாள். வெயிலில் இரும்பு விரியும், அது எல்லா வண்டியிலும் உண்டு என்று அவளே காரணமும் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு ரேடியோ போட்டுக்கொண்டுதான் கீழே படுத்தாள்.

பெரியவர் ஒரு காலை தனியாகக் கொட்டகைக்குள் போனார். வண்டி கிழக்கே பார்த்து நின்றது. முன்மூடி கழற்றியிருந்தது. எழுந்த வெயில் நேராக எஞ்சின்மேல் விழுந்தது. ஒரு துளைக்கு எஞ்சின் மறைப்பு. மற்றொரு துளை வழியே வெயில் புகுந்து, உள்ளே தூசியில் ஒரு கோடாக நின்று, பின்னிருக்கையில் ஒரு காசு அளவுக்கு வெளிச்சமாக விழுந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். வெயில் ஏற ஏற அந்த வெளிச்சம் இருக்கையின் மேல் மெல்ல ஊர்ந்து இறங்கியது. வயிற்றில் அடிபட்ட மனிதர் ஒருவரின் கை சோர்ந்து இறங்குவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது போல இருந்தது. பெரியவர் ஆவி, பேய் என்பவற்றை நம்புகிறவர் இல்லை. அந்தக் குடும்பத்தில் யாருமே நம்புகிறவர்கள் இல்லை. ஆனாலும் வெளிச்சம் தரைக்கு வந்து அழியும்வரை அவர் அங்கேயிருந்து நகரவில்லை. நடுவில் எழுந்து போவது மரியாதை இல்லை என்று தோன்றியது.

அவர் மனத்தை அரித்தது கேப்டன் அல்ல. கேப்டன் நிறுத்தச் சொன்னார் என்றால் எதற்காகச் சொன்னார்? வயிற்றில் குண்டோடு கிடக்கிற மனிதன் தனக்காக வண்டியைத் திருப்பச் சொல்ல மாட்டான். அப்படியென்றால் ஆற்றோரத்தில் அவர் எதையோ பார்த்திருக்கிறார். கம்பிக்காரர்கள் இருவரில் ஒருவராவது உயிரோடு எழுந்ததைப் பார்த்திருக்கிறார்.

வண்டிக்குச் சக்கரம் மாட்டி, எஞ்சின் உயிர் பெற்ற அன்று மாலை, ஊருக்கு வெளியே கல் குவாரிப் பாதையில் ஓட்டிப் பார்ப்பதென்று முடிவாயிற்று. ஸ்பேனர் ஓட்டினாள். தம்பி அவளுக்குப் பக்கத்தில். பெரியவர் பின்னிருக்கையில் ஏறினார்.

“நீங்க முன்னால உக்காருங்க. அந்தப் பின்சீட்டுல உக்காந்தா இடுப்பு ஒடஞ்சு போகும்” என்றாள் மனைவி.

“ஒடஞ்சா ஒட்ட வெல்டர் இருக்காரு” என்றார் பெரியவர். சிரிக்கவில்லை.

புகைக்குழாயின் சத்தம் அடக்கும் உருளை இன்னும் வந்து சேரவில்லை. கூரை கிடையாது. எஞ்சின் சத்தம் ஓட்டைகள் வழியே நேராக உள்ளே வந்தது. குவாரி மேட்டில் வண்டி ஏறத் தொடங்கியபோது பெரியவர் வாய்விட்டு, “நிறுத்தும்மா” என்றார். முன்னால் இரண்டு தலைகளும் அசையவில்லை. உரக்கச் சொன்னார். பிறகு, வாழ்நாளில் யாரையும் பார்த்துக் கத்தாத அந்த மனிதர், கத்தினார். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. கையை நீட்டினார். ஸ்பேனர் ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்து ஓட்டிக்கொண்டிருந்தாள், எட்டவில்லை. எழுந்து நிற்கலாம். அடிபட்டுக் கிடக்கிறவனால் எழுந்து நிற்க முடியாது என்பதால் அவர் எழவில்லை.

கையில் எது கிடைக்கும் என்று பார்த்தார். செருப்பைக் கழற்றி, இருக்கையின் ஓரமாக, அவள் காலுக்குப் பக்கத்தில் அந்தத் தகரச் சுவரைப் பார்த்து எறிந்தார். அது பட்டுத் தெறித்தது. மற்றதையும் எறிந்தார்.

வண்டி நிற்கவில்லை. ஸ்பேனர் இன்னும் தாழக் குனிந்து, ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தாள். ஜீப் முனகிக்கொண்டு மேட்டைத் தாண்டி, அந்தப் பக்கச் சமதளத்துக்குப் போய்த்தான் நின்றது.

“என்னமோ கழண்டு அடிச்சுது” என்றாள், எஞ்சினை அணைத்துவிட்டு. “மேட்டுல நிறுத்தினா மறுபடி எடுக்காது. அதான் மொதல்ல தாண்டிடுவோம்னு மிதிச்சேன்.” கீழே பார்த்தாள். பெடலுக்கு அருகே பெரியப்பாவின் செருப்பு கிடந்தது. திரும்பிப் பார்த்தாள்.

பெரியவர் வெறுங்காலோடு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“கூப்பிட்டீங்களா?” என்றாள்.

“ரொம்ப நேரமா.”

தம்பிக்கு விஷயம் பிடிபட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “பாத்தீங்களா அண்ணே. அப்பாவுக்குக் கேக்கவே இல்ல. எதிரிதான் சுடுறான்னு நெனச்சு மிதிச்சிருக்காரு. முகாமுக்கு வந்து வண்டியைக் கழுவும்போதுதான் ஓட்டை எந்தப் பக்கம் மடங்கியிருக்குன்னு பாத்திருப்பாரு. அவரும் விரல விட்டுத்தான் பாத்திருப்பாரு. அவரு மேல குத்தமே இல்ல. விட்டுடுங்க.”

“செருப்ப எறிஞ்சது நானு. சுட்டது கேப்டன். ரெண்டும் ஒண்ணுன்னு நான் எப்படிச் சத்தியம் பண்றது?” என்றார் பெரியவர். “கேக்காமலும் இருந்திருக்கலாம். கேட்டும் பயத்துல மிதிச்சிருக்கலாம். இரும்பு குண்டு போன வழியத்தான் சொல்லும். மனசு போன வழியச் சொல்லாது.”

“அப்போ?”

“ஒண்ணு மட்டும் நிச்சயம். இந்தச் சத்தத்துல, அதுவும் சூடு விழுற நேரத்துல, சாகக் கெடக்கிற மனுஷன் ‘போ’ன்னு சொன்னா முன்னால இருக்கிறவன் காதுல விழாது. அந்த வார்த்தைய யாரும் சொல்லல. அப்பாதான் அவரு வாயில வெச்சாரு.”

வண்டியைக் கொட்டகையில் விட்டபின் தம்பி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே, இத மேடையில சொல்லாதீங்க. அப்பா பேரு. நம்ம பேரு. நாளைக்கு இவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தாகூட, தாத்தா ஆளுங்களை விட்டுட்டு ஓடினவருன்னு பேசுவாங்க.”

“என்னை எதுக்குப்பா இழுக்கிறீங்க? வர்றவன் வண்டி ஓட்டத் தெரிஞ்சவனா இருந்தாப் போதும்” என்றாள் ஸ்பேனர்.

“நீ சும்மா இரு. உங்க பெரியப்பாகிட்டப் பேசறேன்.”

பெரியவர் கொட்டகையின் கம்பத்தில் கை வைத்து நின்றார். அந்தக் குடும்பத்தின் பேரைக் காப்பாற்றுவது அவருக்குப் பொழுதுபோக்கு அல்ல, முதுகெலும்பு. தங்கையின் மாப்பிள்ளை வீட்டார் ஒரு சொல் குறைவாகப் பேசியதற்காகப் பந்தியிலிருந்து எழுந்து போனவர். அப்படிப்பட்டவர், யோசித்து யோசித்துப் பேசினார்.

“ஆத்தோரத்துல ரெண்டு பேரு இருந்தாங்க. அவங்களுக்கும் வீடு இருக்கும், பேரு இருக்கும். நம்ம கதை நேராப் போகணும்னு அவங்கள முதல் சூட்டுலயே சாகடிச்சுட்டோம். ஒவ்வொரு வருஷமும் நான் போயி மேடையில நின்னு சாகடிச்சிருக்கேன். தெரியாமச் சொன்னதுக்கு மன்னிப்பு உண்டு. தெரிஞ்சப்புறம் சொன்னா அதுதான் குடும்பத்துக்குக் கேடு.”

“அவங்க வீட்டு ஆளுங்க யாராவது வந்திருந்தா? அவங்களுக்குத்தானே வலிக்கும்? சட்டுனு செத்தாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்கிறவங்கள எழுப்பி, இல்ல, உசிரோட கெடந்தாங்கன்னு சொல்லப் போறீங்களா?”

அது நியாயமான கேள்வி. பெரியவருக்கு அன்று தூக்கம் வராமல் போனது அப்பாவால் அல்ல, அந்தக் கேள்வியால்தான்.

தகட்டை அவர் திரும்ப மாட்ட விடவில்லை. துளைகளை அடைக்கவும் விடவில்லை. துருவை மட்டும் எடுத்து, விளிம்பு கெடாமல் மேலே தெளிவான வார்னிஷ் பூசச் சொன்னார். முன்மூடியில் ஒட்டவிருந்த மூன்று சொல்லை அச்சகக்காரர் தாமே சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். கோபத்தில் இரண்டு நாள் அந்தப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, ஒன்றும் பேசாமல், வண்டிக்குப் பச்சைப் பெயின்ட் அடிக்கத் தூரிகையை எடுத்தார். தம்பி என்றால் அப்படித்தான்.

நினைவு நாள் அன்று காலை ஜீப் தூணுக்குப் பக்கத்தில் நின்றது. கூட்டம் சுமாராக இருந்தது. மேடை என்பது நான்கு படி வைத்த ஒரு பலகைத் தளம். பெரியவர் ஏறினார். எழுதி எதையும் கொண்டுபோகவில்லை. இத்தனை வருடம் சொன்ன கதையில் ஒரு பகுதி தவறு என்றார். வண்டியில் இரண்டு துளை இருக்கிறது, அவை உள்ளேயிருந்து வெளியே போனவை என்றார். கேப்டன் போகச் சொல்லவில்லை, நிறுத்தத்தான் முயன்றிருக்கிறார், ஆற்றோரத்தில் இருந்த இருவரில் ஒருவராவது அப்போது உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றார். “எங்க அப்பாவுக்கு அது கேட்டுச்சா, கேக்கலையா, எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேச மாட்டேன். அந்த ரெண்டு பேரோட குடும்பத்தார் யாராவது இங்க இருந்தா, எங்க வீட்டு சார்பா நான் தலை குனியறேன்” என்று சொல்லி, குனிந்தார். அந்த முதுகு வளைந்ததை ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை.

பிறகு கடைசி வரிசையிலிருந்து வெள்ளைப் புடவை கட்டிய வயதான பெண் ஒருத்தி எழுந்தாள். கம்பிக்காரர்களில் ஒருவரின் தங்கை. அவள் வருடம் தவறாமல் வருகிறவள் என்பதும், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கடைசியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறவள் என்பதும் அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது. நேரே ஜீப்பிடம் போனாள். ஸ்பேனர் காட்டிய இடத்தில் குனிந்து, துளையின் மேல் கை வைத்துப் பார்த்தாள். பின்னிருக்கையையும் பார்த்தாள்.

“அப்போ யாரோ ஒருத்தரு திரும்பச் சொல்லியிருக்காரு” என்றாள்.

“ஆமாம்மா” என்றாள் ஸ்பேனர்.

“எங்கண்ணனுக்காக.”

“ஆமா.”

“அவனை யாரும் திரும்பிக்கூடப் பாக்கலைன்னு எங்கம்மா கடைசிவரைக்கும் பொலம்பிக்கிட்டே இருந்தா.” கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “ஒருத்தரு பாத்திருக்காரு.” மேடையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வந்த வழியே போனாள். அவள் மன்னித்தாளா இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. அதை அவள் சொல்லவில்லை. நாமாக அவள் வாயில் ஒரு வார்த்தையை வைக்க வேண்டாம்.

ஊருக்கு வாய் சும்மா இருக்காதே. பெரியவர் மேடையில் பேசிக்கொண்டிருந்தபோது ஜீப்பின் பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல் வந்ததாகவும், அதைக் கேட்டு அவர் மயங்கி விழுந்ததாகவும், நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போனதாகவும் ஒரு பேச்சு இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கிறது. குரல் எதுவும் வரவில்லை. பெரியவர் மயங்கவும் இல்லை, விழவும் இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டு, நான்கு படியையும் தானாகவே இறங்கினார். அவருக்குக் கை கொடுக்க ஓடிவந்து, கடைசிப் படியில் கால் இடறி விழுந்தவர் அச்சகக்காரர்.